யார் சொன்னது? – இரசிகர் விக்கியில் எழுதுவோர்க்குச் சில அதபுகள்



சில மாதங்களுக்கு முன், அஸ்ருக்குப் பின் நடைபெறும் நம் மதரஸா வகுப்பிற்குப் பத்தாம் வகுப்பு மாணவர் ஒருவர் முகம் வாடி வந்து நின்றார். "ஹஜ்ரத், இஸ்லாமிய வரலாற்றை எழுதினேன் என்பதற்காக என்னைத் தடை செய்துவிட்டார்கள்" என்றார். அவர் குரலில் அழுகையும் இருந்தது, கோபமும் இருந்தது.

அவரிடமிருந்த கைப்பேசியை வாங்கிப் பார்த்தோம். 'திரிலிஸ் எர்துருல்' என்னும் துருக்கியத் தொடரின் இரசிகர்கள் கூடி நடத்தும் ஒரு விக்கித் தளம் அது. எர்துருலைப் பற்றிய பக்கத்தில், மெய்யான வரலாற்றுக்கென்று ஒதுக்கப்பட்ட பகுதியில், ஷைகு இப்னு அரபி (ரஹ்) அவர்கள் எர்துருலைப் பலமுறை நேரில் சந்தித்து வழிநடத்தினார் என்று நம் மாணவர் எழுதியிருந்தார். வேறொருவர் அவ்வாக்கியத்தை நீக்கி, இதற்கு ஆதாரம் என்ன என்று கேட்டிருந்தார். நம் மாணவர் விடை கூறாமல் அதே வாக்கியத்தை மீண்டும் இட்டார். அவர் மீண்டும் நீக்கினார். ஒரே மாலைப் பொழுதில் இது 5 முறை நடந்தது. இறுதியில் நம் மாணவர் அவரை 'இஸ்லாத்தின் எதிரி' என்று எழுதிவிட்டார். தளத்தின் நிருவாகி ஒருவர் தலையிட்டு, நம் மாணவருக்கு ஒரு நாள் தடை விதித்திருந்தார்.

"ஆதாரம் கேட்டாரே, தம்பி! நீ ஏன் பதில் சொல்லவில்லை?" என்று கேட்டோம்.

"சொன்னது நீங்கள்தானே, ஹஜ்ரத்! போன ரமலானில் பாடம் நடத்தியபோது நீங்கள்தான் அந்தச் சம்பவத்தைச் சொன்னீர்கள்" என்றார்.

நாம் வாயடைத்துப் போனோம். அவர் கூறியது உண்மை. நல்லாசிரியரின் வழிகாட்டல் ஒரு மனிதரை எவ்வாறு உருவாக்குகிறது என்பதை விளக்கும்போது, தொடரில் கண்ட காட்சி ஒன்றை, தொடரில் கண்டது என்று கூறாமல், நடந்த நிகழ்ச்சி போலவே கூறியிருந்தோம். கதையாசிரியர் ஒருவரின் கற்பனை நம் வாய்வழியே வரலாறாகி, நம் மாணவரின் விரல்வழியே உலகம் படிக்கும் பக்கத்தில் ஏறிவிட்டது. அதனைத் தடுத்து நிறுத்தியவர் யார், எந்த நாட்டவர், எந்த மார்க்கத்தவர் என்பது இன்றுவரை நமக்குத் தெரியாது. ஆயினும் அவர் கேட்ட கேள்வி நம் முன்னோர் கேட்ட கேள்வியே: இதனை உமக்குச் சொன்னவர் யார்?

இந்நிகழ்ச்சிதான் இக்கட்டுரையை எழுதத் தூண்டியது. நம் பிள்ளைகளுள் பலர் இத்தகைய தளங்களில் படிக்கிறார்கள். சிலர் எழுதவும் செய்கிறார்கள். உண்மையைச் சொல்ல வேண்டும் என்று அவர்களுக்குக் கற்பித்திருக்கிறோம். பிறரோடு சேர்ந்து ஒரு நூலை எழுதும்போது உண்மையை எவ்வாறு நிறுவுவது, எவ்வாறு திருத்துவது, நாம் எழுதியது திருத்தப்படும்போது எவ்வாறு நடந்துகொள்வது என்னும் அதபைக் கற்பித்தோமா?

முதலில், விக்கி என்றால் என்னவென்று அறியாத பெற்றோர்க்காகச் சில வார்த்தைகள். படிப்பவர் எவரும் தொகுத்துத் திருத்தக்கூடிய பக்கங்களைக் கொண்ட தளமே விக்கி. வார்டு கன்னிங்காம் என்னும் அமெரிக்க நிரலாளர் 1995 மார்ச் மாதத்தில் முதல் விக்கியை வெளியிட்டார். ஹவாய் மொழியில் 'விக்கி' என்றால் விரைவு என்று பொருள். ஹொனலூலு விமான நிலையத்தில் ஓடிய 'விக்கி விக்கி' பேருந்தின் நினைவாக அவர் இப்பெயரைச் சூட்டினார். 2001இல் விக்கிப்பீடியா பிறந்தது. பின்னர், ஒரு கதைக்கோ தொடருக்கோ மட்டும் உரிய இரசிகர் விக்கிகள் பெருகின. அவற்றுள் பெரும்பாலானவற்றிற்கு இன்று இடமளிக்கும் 'ஃபேண்டம்' நிறுவனம் 2004இல் வேறொரு பெயரில் தொடங்கப்பட்டது.

இத்தளங்களில் எழுத வாயிற்காவலர் இல்லை. பட்டமும் வயதும் கேட்கப்படுவதில்லை. ஆகவே எழுதுபவரின் அதபுதான் அங்குக் காவலாக நிற்க வேண்டும்.

தொடர்களைப் பார்ப்பதே வீண் பொழுதுபோக்கு, அதைப் பற்றி எழுதுவது அதனினும் வீண், இதற்கு அதபு வேறா என்று நம் ஆலிம்களுள் சிலர் கேட்கக்கூடும். அக்கேள்வியை நாம் இலேசாக எண்ணவில்லை. ஆனால் இத்தொடர் நம் இல்லங்களுக்குள் வந்து வெகுகாலமாயிற்று. 2014 டிசம்பர் முதல் 2019 மே வரை துருக்கி அரசுத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பாகி, 2020 ரமலானில் பாகிஸ்தான் அரசுத் தொலைக்காட்சியில் உருது மொழியில் தொடங்கியது. ஊரடங்கு நாட்களில் நம் ஊர்க் குடும்பங்கள் பலவும் வசன வரிகளின் துணையோடு அதனைப் பார்த்தன. நாமும் பார்த்தோம். பார்க்க இடம் கொடுத்துவிட்டு, பார்த்ததைப் பற்றிப் பிள்ளைகள் எழுதும்போது மட்டும் நமக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று ஒதுங்குவது பொறுப்பாகாது.

இனி அதபுகளுக்கு வருவோம்.

முதலாவது, நிய்யத். இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் தம் ஸஹீஹ் நூலை நிய்யத் பற்றிய நபிமொழியைக் கொண்டே தொடங்கினார்கள். எழுதும் முன் நம் பிள்ளை தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டும்: படிப்பவருக்குப் பயன்பட எழுதுகிறேனா, என் பெயர் தெரிய எழுதுகிறேனா, ஒருவரை வெல்ல எழுதுகிறேனா? விக்கிப் பக்கம் எவருக்கும் சொந்தமானதன்று. நாம் உழைத்து எழுதிய பத்தியை நாளை ஒருவர் சுருக்குவார், மற்றொருவர் இடம் மாற்றுவார். அதனைத் தாங்கும் மனம் உள்ளவரே அங்கு எழுதத் தக்கவர்.

இரண்டாவது, எழுதும் முன் படித்தல். ஒவ்வொரு விக்கிக்கும் தனக்கென விதிகள் உண்டு. ஒவ்வொரு பக்கத்திற்கும் வரலாறு உண்டு. அதில் யார் எப்போது எதை மாற்றினார் என்பது வரிக்கு வரி பதிவாகியிருக்கும். பெரும்பாலான விக்கிகளில் உரையாடல் பக்கமும் உண்டு. நாம் எழுத விரும்பும் செய்தி முன்பே விவாதிக்கப்பட்டு முடிவு காணப்பட்டிருக்கலாம். புதியவர் பழகிப் பார்ப்பதற்கென 'மணல்தொட்டி' என்னும் பக்கத்தைப் பல விக்கிகள் வைத்திருக்கின்றன. அங்குப் பழகிக்கொண்டு, பிறகு எழுத்துப்பிழை திருத்துவது போன்ற சிறு பணிகளில் தொடங்குவது நலம். சேமிக்கும் முன் முன்தோற்றத்தைப் பார்க்க வேண்டும். என்ன மாற்றினோம், ஏன் மாற்றினோம் என்பதைத் தொகுப்புச் சுருக்கத்தில் ஒரு வரியிலாவது எழுத வேண்டும். சபைக்குள் நுழையும்போது சலாம் சொல்வது போன்றது அந்த ஒரு வரி. எதுவும் கூறாமல் பிறர் எழுதியதை அழிப்பவர் நல்ல காரணத்தோடு அழித்தாலும் மனம் புண்படுத்துகிறார்.

மூன்றாவது, ஆதாரம். சமுதாயத்தில் குழப்பம் தோன்றிய பின் அறிவிப்பாளர்களின் பெயர்களைக் கேட்கும் வழக்கம் ஏற்பட்டதை இப்னு ஸீரீன் (ரஹ்) அவர்கள் எடுத்துரைத்திருக்கிறார்கள். ஸனது கேட்பதை நம் முன்னோர் அவமதிப்பாகக் கருதவில்லை. அதனை அறிவின் உயிர்நாடியாகக் கருதினார்கள். அந்த மரபில் வந்த நாம், ஆதாரம் கேட்டவரைப் பகைவர் என்று அழைப்பது எவ்வளவு முரண்!

இரசிகர் விக்கியில் ஆதாரம் என்பது பெரும்பாலும் தொடரின் பாகமும் அத்தியாயமும் ஆகும். இதிலும் கவனம் தேவை. எர்துருல் தொடர் துருக்கியில் 5 பாகங்களில் 150 நீண்ட அத்தியாயங்களாக ஒளிபரப்பானது. பன்னாட்டுப் பார்வையாளர்க்காக அவற்றையே வெட்டி 400க்கும் மேற்பட்ட குறுகிய அத்தியாயங்களாக்கினர். ஆகவே '60ஆம் அத்தியாயம்' என்று மட்டும் எழுதினால் துருக்கியில் பார்த்தவர் ஒரு காட்சியைத் தேடுவார், இணையத்தில் பார்த்தவர் வேறொன்றைத் தேடுவார். எந்தக் கணக்கின்படி எண் தருகிறோம் என்பதையும் சேர்த்து எழுதுவதே முழுமையான ஆதாரம்.

நான்காவது, கதையையும் வரலாற்றையும் கலக்காதிருத்தல். இதுவே நம் மாணவர் சறுக்கிய இடம். அவருக்கு முன் நாம் சறுக்கிய இடமும் இதுவே. ஹதீஸ் கலையில் 'முத்ரஜ்' என்றொரு வகையைப் பாடமாக நடத்துகிறோம். அறிவிப்பாளர் ஒருவர் தம் விளக்கச் சொல்லை நபிமொழியோடு சேர்த்துக் கூறிவிட, கேட்பவர் இரண்டையும் பிரித்தறிய முடியாமல் போவதே அது. அத்தகைய இடங்களைப் பிரித்துக் காட்டுவதற்கென்றே கதீப் அல்பக்தாதி (ரஹ்) அவர்கள் தனி நூல் இயற்றினார்கள். தொடரில் கண்டதை வரலாற்றுப் பகுதியில் எழுதுவதும் அதையொத்த ஒரு கலப்புதான்.

மெய்யான வரலாற்றில் எர்துருலைப் பற்றி நாம் அறிவது மிகக் குறைவு. உஸ்மானிய அரசின் நிறுவனரான உஸ்மானின் தந்தை அவர். சோகுத் என்னும் ஊரோடு தொடர்புடையவர். அவருடைய அடக்கத்தலமும் அங்கேதான் காட்டப்படுகிறது. ஏறத்தாழ 1280ஆம் ஆண்டில் இறந்தார் என்பர். அவரைப் பற்றி விரிவாகக் கூறும் உஸ்மானிய வரலாற்று நூல்கள் பதினைந்தாம் நூற்றாண்டில்தான் எழுதப்பட்டன. அவருடைய தந்தையின் பெயரிலும் கருத்து வேறுபாடு உண்டு. தொடர் சுலைமான் ஷா என்கிறது. குன்துஸ் ஆல்ப் என்று கூறும் பழைய மரபும் இருக்கிறது. இப்னு அரபி (ரஹ்) அவர்களோ 1165இல் அந்தலூசியாவின் முர்சியாவில் பிறந்து, அனத்தோலியாவில் சில காலம் தங்கி, 1223 முதல் டமாஸ்கஸில் நிலைத்து வாழ்ந்து, 1240இல் அங்கேயே மறைந்தார்கள். இருவரும் சந்தித்ததாகக் கூறும் சமகாலச் சான்று இல்லை. சந்தித்திருக்கக்கூடும் என்று ஒரு கதாசிரியர் எண்ணிப் பார்ப்பது அவர் உரிமை. அதனை நடந்தது என்று எழுதும் உரிமை நமக்கில்லை.

இதற்கு இரசிகர்களே நல்ல வழி கண்டிருக்கிறார்கள். 'ஸ்டார் டிரெக்' தொடருக்காக 2003இல் தொடங்கப்பட்ட 'மெமரி ஆல்ஃபா' விக்கியில், திரையில் வந்தவற்றைக் கட்டுரையின் உடலில் கதைக்குள் நின்று எழுதுவர். தயாரிப்பு பற்றிய பின்னணிச் செய்திகளைத் தனியே பிரித்து வைப்பர். நாவல்களில் மட்டும் வரும் செய்திகளுக்கென வேறொரு விக்கியே இருக்கிறது. 'ஸ்டார் வார்ஸ்' படங்களுக்குரிய 'வூக்கிபீடியா'வில், உரிமை நிறுவனம் 2014இல் பழைய கதைகளைத் தனி வரிசையாக ஒதுக்கிய பின், ஒரே பாத்திரத்திற்கு இரண்டு வரிசைகளுக்கும் இரண்டு பக்கங்கள் வைத்திருக்கிறார்கள். முழுதும் கற்பனையான கதைகளுக்கே அவர்கள் இவ்வளவு பேணுதல் காட்டுகிறார்கள். வாழ்ந்து மறைந்த முஸ்லிம்களின் பெயர்களைத் தாங்கிய ஒரு தொடரைப் பற்றி எழுதும் நாம் எவ்வளவு பேணுதல் காட்ட வேண்டும்!

ஐந்தாவது, நல்லெண்ணம். நாம் எழுதியதை ஒருவர் நீக்கினால், அவர் தீய நோக்கம் உடையவர் என்ற எண்ணமே முதலில் எழுகிறது. ஐயங்களில் பலவற்றைத் தவிர்க்குமாறு ஸூரத்துல் ஹுஜுராத் நமக்கு ஏவுகிறது. பிறரின் நல்லெண்ணத்தை நம்பித் தொடங்குவதை விக்கிப்பீடியாவும் தன் வழிகாட்டல்களுள் ஒன்றாக வைத்திருக்கிறது. ஒருமுறை நீக்கப்பட்டால் மீண்டும் இடாமல், உரையாடல் பக்கத்திற்குச் சென்று காரணம் கேட்க வேண்டும். மாறி மாறி அழிப்பதையும் இடுவதையும் 'தொகுத்தல் போர்' என்பர். ஒரே பக்கத்தில் 24 மணி நேரத்தில் 3 முறைக்கு மேல் பிறர் தொகுப்பை மாற்றியமைப்பவரைத் தடை செய்ய ஆங்கில விக்கிப்பீடியாவில் விதி உண்டு. அந்த எண்ணிக்கை வரை போகலாம் என்று கணக்குப் பார்ப்பது அதபு அன்று. முதல் முறையிலேயே பேசத் தொடங்குவதுதான் அதபு.

பிறர் எழுத்தைத் திருத்தும்போதும் இதே பணிவு வேண்டும். ஸஹீஹுல் புகாரியின் பிரதிகளை ஒப்பிட்டுச் செம்மை செய்த இமாம் யூனீனி (ரஹ்) அவர்கள், ஒரு பிரதியைத் தேர்ந்து மற்றவற்றை மறைத்துவிடவில்லை. எந்த அறிவிப்பில் எந்தச் சொல் வந்துள்ளது என்பதைக் குறியீடுகளால் குறித்து வைத்தார்கள். அப்பணியில் அவர்களுக்குத் துணைநின்றவர், நம் மதரஸாக்களில் ஓதப்படும் அல்ஃபிய்யாவை இயற்றிய இலக்கண மேதை இப்னு மாலிக் (ரஹ்) அவர்கள். இலக்கணத்திற்கு மாறாகத் தோன்றிய சொற்களை அவர் தம் விருப்பப்படி மாற்றி எழுதிவிடவில்லை. அவற்றிற்கு அரபுக் கவிதைகளிலிருந்து சான்று தேடித் தனி நூலே இயற்றினார். தவறு என்று தோன்றியவுடன் அழிக்கத் துடிக்கும் விரல்களுக்கு இதில் பாடம் இருக்கிறது. முதலில் விளங்கிக்கொள்ள முயல்க, பிறகு திருத்துக.

ஆறாவது, அமானத். பிறர் கட்டுரையை எடுத்துத் தம் எழுத்தாக இடுவது களவு. இரசிகர் விக்கிகளின் உரை பெரும்பாலும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியாகிறது. எடுத்தாள அனுமதி உண்டு. எங்கிருந்து எடுத்தோம் என்று கூறும் கடமையும் உண்டு. செய்தித்தாள்களுக்கும் நூல்களுக்கும் அந்த அனுமதி பொருந்தாது. அவற்றைப் படித்து நம் சொற்களில் எழுதி, மூலத்தைக் குறிப்பிட வேண்டும். நடிகர் நடிகையரின் குடும்ப வாழ்வு, உடை, உறவுகள் பற்றிய வதந்திகளை எழுதுவது அமானத்தும் ஆகாது, ஆதாரமும் ஆகாது. அது புறம் பேசுதல். பாத்திரத்தை விரும்பியவர்கள், அதனை ஏற்று நடித்த பெண்ணின் சொந்த வாழ்வில் தலையிட்டு அவரைத் தூற்றியதைச் சமூக ஊடகங்களில் கண்டு நாம் வெட்கப்பட்டோம்.

ஏழாவது, பின்னால் வருபவரைக் கருதுதல். துருக்கியில் தொடர் முடிந்த மறு ஆண்டில்தான் பாகிஸ்தான் அரசுத் தொலைக்காட்சியில் முதல் காட்சி வந்தது. இன்றும் எங்கோ ஒரு குடும்பம் முதல் அத்தியாயத்தில் இருக்கும். யார் ஷஹீதாகிறார், யார் துரோகியாகிறார் என்பதைப் பக்கத்தின் முதல் வரியிலேயே எழுதினால் அவர்களின் ஆவலைக் கெடுக்கிறோம். அந்த விக்கியின் வழக்கப்படி எச்சரிக்கை இட்டு, முடிவைப் பின்பகுதியில் வைப்பதே கண்ணியம்.

பெற்றோர்க்கும் ஒரு சொல். பிள்ளை இத்தளங்களில் எழுதினால் தடுக்கும் முன் அருகில் அமர்ந்து பாருங்கள். வயது வரம்பு என்ன என்று படியுங்கள். மெய்ப்பெயர், பள்ளி, புகைப்படம், தொலைபேசி எண் எதையும் தர வேண்டாம் என்று சொல்லுங்கள். தொழுகை நேரத்தையும் படிப்பையும் இது விழுங்காமல் வரம்பிடுங்கள். அவ்வரம்பிற்குள், ஆதாரம் தேடி, சொல் அளந்து, அந்நியரோடு கண்ணியமாக வாதிட்டு எழுதும் பயிற்சி நம் பிள்ளைகளுக்குக் கிடைத்தற்கரிய நன்மை என்பதே நம் கருத்து. இன்று ஒரு தொடரின் பக்கத்தில் இதனைக் கற்றவர், நாளை குடும்பக் குழுவில் வரும் வதந்தியை முன்பின் யோசியாமல் பிறருக்கு அனுப்ப மாட்டார்.

நம் மாணவரின் கதையை முடிக்க வேண்டும். தடை நீங்கிய பின் அவர் நம்மோடு அமர்ந்து, உரையாடல் பக்கத்தில் அந்த மனிதரிடம் மன்னிப்புக் கேட்டு எழுதினார். தமக்கு ஆதாரம் இல்லை என்பதையும் ஒப்புக்கொண்டார். மறுநாள் விடை வந்திருந்தது. அவர் மன்னிப்பை ஏற்றுக்கொண்டதோடு, அச்செய்தியைத் தொடரின் கதைப் பகுதியில், பாகமும் அத்தியாயமும் குறித்து எழுதுமாறு வழியும் காட்டியிருந்தார். நம் மாணவர் அவ்வாறே எழுதினார். அவ்வரி இன்றும் நீக்கப்படாமல் இருக்கிறது.

நமக்கும் ஒரு கடன் இருந்தது. அடுத்த வகுப்பில் மாணவர் அனைவர் முன்னிலையிலும், போன ரமலானில் நாம் கூறிய அச்சம்பவம் தொடரில் வந்த காட்சி என்றும், வரலாற்றில் அதற்குச் சான்று இல்லை என்றும், அதனை வரலாறு போலக் கூறியது நம் பிழை என்றும் தெரிவித்தோம். சொல்லத் தொடங்கியபோது நா தடுமாறியது. முடித்ததும் பின்வரிசையிலிருந்த சிறுவர் ஒருவர் கையை உயர்த்தி, "அப்படியானால் ஹஜ்ரத், போன வாரம் சொன்ன சம்பவம் எந்தக் கிதாபில் இருக்கிறது?" என்று கேட்டார். சில பிள்ளைகள் சிரித்தார்கள். நாம் அவர்களை அமர்த்திவிட்டு, அலமாரியிலிருந்து கிதாபை எடுத்துப் பக்கத்தைத் திறந்து காட்டினோம். இப்போது பாடத்திற்கு வரும்போது கிதாபில் அடையாளம் வைத்துக்கொண்டே வருகிறோம்.

அல்லாஹ் நம் நாவையும் எழுதும் விரல்களையும் பொய்யிலிருந்து காப்பானாக! பிழையைச் சுட்டிக்காட்டுபவரை நேசிக்கும் உள்ளத்தை நமக்கும் நம் பிள்ளைகளுக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.